பால் கேன் மூடி நினைவிருக்கிறது, வண்டி எண் நினைவில்லை: கண் கண்டது எவ்வளவு, மனம் நிரப்பியது எவ்வளவு?

எல்லைமேடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என்னை நானே நம்ப முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்ட ஒரு சிறிய நிகழ்ச்சியைப் பற்றி இங்கே கேட்க விரும்புகிறேன். கேரள, தமிழ்நாட்டு எல்லையில், பாலக்காட்டு மாவட்டத்தில், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் வழியில் ஒரு முக்கு இருக்கிறது. பதினொரு ஆண்டுகளாக வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அந்த முக்கில்தான் தேநீர் குடிக்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள் காலை ஏழு மணியளவில், பால் சொசைட்டிக்கு இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு போன மொபெட்டை, பின்னால் வந்த வெள்ளை டெம்போ ஒன்று தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. ஒரு கேன் கவிழ்ந்து பால் முழுவதும் சாலையில் ஓடியது.

அந்தக் கேனின் மூடி தனியே கழன்று, சுண்டிவிட்ட காசைப் போல விளிம்பில் நின்று சுழன்றபடி சாலையைக் கடந்து, என் காலுக்கு இரண்டடி முன்னால் வட்டமடித்துப் படுத்தது. விளிம்பில் ஓரிடம் நெளிந்திருந்தது. உள்பக்கத்தில் ரப்பர் வளையத்திற்குப் பதிலாக வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. இன்று கண்ணை மூடினாலும் அந்த மூடி அப்படியே தெரிகிறது.

காவல் நிலையத்தில் கேட்டபோது, வண்டி டி.என். 41, பொள்ளாச்சிப் பதிவு என்று உறுதியாகச் சொன்னேன். முக்கில் குடைக்கு அடியில் லாட்டரி விற்பவர் நின்றிருந்தார், அவரும் பார்த்தார் என்றும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அருகிலுள்ள கடையின் கேமராப் பதிவைக் காட்டினார்கள். வண்டி கே.எல். 70, கேரளத்தில் உள்ள நம் சித்தூர்ப் பதிவு. லாட்டரிக்காரர் அன்று அங்கே இல்லவே இல்லை. குடையும் இல்லை, பலகையும் இல்லை. நான் பொய் சொல்லவில்லை. கண் பரிசோதனையும் செய்துகொண்டேன், கோளாறு ஒன்றுமில்லை என்றார்கள். இல்லாத மனிதரை நான் எப்படிக் கண்டேன்?

ஆலமரம்

தம்பி, மனம் வருந்த வேண்டாம். உளவியல் வகுப்பெடுத்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கண்ணும் மனமும் இயல்பாகத்தான் வேலை செய்திருக்கின்றன. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. விழித்திரையில் நுண்மையாகப் பார்க்கவல்ல மையக் குழி அந்த அளவுள்ள பரப்பைத்தான் தெளிவாகக் காட்டுகிறது. மற்றவை மங்கல். விழி ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிப் பொறுக்குவதை வைத்து, முழுக்காட்சியும் தெளிவாக இருப்பதாக மூளை நமக்குக் காட்டிக்கொள்கிறது. எங்கே தாவுவது என்பதை நம் தேவை முடிவு செய்கிறது. ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி, இவர்களின் வயதைச் சொல்லுங்கள், இவர்களின் வசதியைச் சொல்லுங்கள் என்று கேள்வியை மாற்றியபோது விழி நகர்ந்த தடமே மாறிவிட்டது.

உங்கள் காலை நோக்கி ஒரு பொருள் சுழன்று வரும்போது விழி வேறெங்கே போகும்? 1987இல் லாஃப்டஸும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை ஒன்றில், உணவுக்கடை வரிசையில் நிற்பவர் ஒரு படத்தொகுப்பில் துப்பாக்கியை நீட்டுவார், மற்றொன்றில் காசோலையை நீட்டுவார். துப்பாக்கியைப் பார்த்தவர்களின் விழி அதன் மீதே நிலைத்தது. அந்த ஆளைப் பிறகு அடையாளம் காட்டுவதில் அவர்கள் பின்தங்கினார்கள். உங்களுக்குத் துப்பாக்கியாக அமைந்தது பால் கேன் மூடி.

லாட்டரிக்காரர் கதை வேறு. 1981இல் புரூவர், டிரேயன்ஸ் என்ற இருவர், வந்தவர்களை ஓர் ஆய்வு மாணவரின் அறையில் 35 நொடிகள் காத்திருக்க வைத்துவிட்டு, பிறகு வேறிடத்தில் உட்கார வைத்து, அந்த அறையில் என்னென்ன இருந்தன என்று கேட்டார்கள். 30 பேரில் 9 பேர் புத்தகங்கள் இருந்ததாக எழுதினார்கள். அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை. ஆய்வு மாணவரின் அறை என்றால் புத்தகம் இருக்கும் என்பது அவர்கள் உள்ளே கொண்டுவந்த அறிவு. எல்லை முக்கு என்றால் லாட்டரி இருக்கும் என்பது நீங்கள் கொண்டுபோன அறிவு.

பிழைதிருத்தி

தமிழ், மலையாளம் இரண்டிலும் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஆலமரம் ஐயா சொல்வதை நான் நாள்தோறும் சம்பளம் வாங்கிக்கொண்டு அனுபவிக்கிறேன். 'கௌரவம்' என்பதைப் பாதிப் பேர் ககர எகரமும் ளகரமும் சேர்த்துக் 'கெளரவம்' என்று தட்டச்சு செய்கிறார்கள். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. கண்ணுக்கோ வேறுபாடே தெரியாது, ஏனென்றால் பின்னால் ஒரு 'ரவம்' வந்தவுடன் அந்த ளகரம் ஔகாரக் குறியாகிவிடுகிறது. அதே வடிவம் 'வெள்ளம்' என்ற சொல்லுக்குள் நிற்கும்போது யாரும் அதை ஔகாரமாகப் படிப்பதில்லை. கையெழுத்துப் படியில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு வைத்து எழுதுபவர் அரிது; ஆனாலும் நாம் திணறாமல் படிக்கிறோம். எழுத்தைப் பார்த்துச் சொல்லை அறிகிறோம் என்பது பாதி உண்மை. சொல்லை அறிந்துதான் எழுத்தையே பார்க்கிறோம்.

இதனாலேயே தம் கட்டுரையின் பிழையைத் தாமே காண்பது ஆசிரியர்களுக்குக் கடினமாக இருக்கிறது. நான் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதும் அதற்காகத்தான். பொருள் அறுந்துபோனால் எழுத்து தெரியத் தொடங்கும்.

எல்லைமேடு அவர்களிடம் ஒரு கேள்வி. அந்த டெம்போவின் பின்புறம் தமிழில் ஏதேனும் எழுதியிருந்ததா?

எல்லைமேடு

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் உடல் சிலிர்த்துவிட்டது. கேமராப் பதிவில் பார்த்தேன். பின்கதவில் 'முருகன் துணை' என்று தமிழில் பெரிதாக எழுதியிருந்தது. சம்பவத்தின்போது அதைப் படித்ததாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் தமிழ் எழுத்து, ஆகவே தமிழ்நாட்டு வண்டி, பொள்ளாச்சிப் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டு, கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, விடையை மட்டும் எண் பலகையாக எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. இந்தத் தாலுகாவில் வீட்டுக்கு வீடு தமிழ் பேசுகிறோம், கே.எல். வண்டியில்தான் முருகன் துணை என்று எழுதுகிறோம் என்பதை நானே மறந்தேன்!

வாளையார் வாட்சர் மகன்

என் தந்தை வனத்துறையில் வாட்சராக இருந்தவர். சிறுவயதில் அவருடன் அந்தி நேரத்தில் நடக்கும்போது, "அங்க பாரு, நிக்கிது" என்பார். எனக்குப் பாறைதான் தெரியும். பார், பார் என்று மூன்று முறை சொன்ன பிறகு அந்தப் பாறையின் ஓரம் ஒருமுறை அசையும், அது காது. அதன் பின் அது பாறையாகத் தெரிவதே இல்லை, எவ்வளவு முயன்றாலும் யானையாகத்தான் தெரியும். அவர் என்னைவிடக் கூர்மையான பார்வை உடையவர் அல்லர், கண்ணாடி போட்டவர். எங்கே பார்ப்பது என்பது அவருக்குத் தெரியும்: மூங்கில் ஒடிந்த பக்கம், பறவைகள் எழும் பக்கம், ஓடை வளைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊருக்குள் யானை இறங்கிவிட்டது என்று செய்தி பரவிய இரவுகளில் வைக்கோற்போர், நிறுத்திவைத்த டிராக்டர், தார்ப்பாய் போட்ட விறகு எல்லாம் யானையாகிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த இரவுகளில் தந்தைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை டிராக்டர்தான்.

கணக்குப்பிள்ளை

பொறுத்துக்கொள்ளுங்கள், நான் கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மனித நினைவு ஓட்டைப் பானை என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அது அப்படி ஓட்டையானால், ஸ்டேண்டிங் என்பவர் 1973இல் 10,000 படங்களை ஐந்து நாட்களில் காட்டிவிட்டு, பார்த்த படத்தையும் பார்க்காத படத்தையும் ஜோடியாக வைத்துக் கேட்டபோது, 83 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது எப்படி? பத்தாயிரம் படம்! நம் ஊர்த் திருமண ஆல்பத்தில் நூறு படம் பார்ப்பதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. இந்த முக்கில் பதினொரு ஆண்டுகள் தேநீர் குடித்தவர் ஒரு நாள் தவறினார் என்றால், அது விதிவிலக்கே தவிர விதி அன்று என்பது என் கருத்து. "கல்லைக் கண்டால் நாயைக் காணோம்" என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு நகர வேண்டிய செய்தி இது.

ஆலமரம்

கணக்குப்பிள்ளை அவர்களே, நல்ல மறுப்பு. ஆனால் ஸ்டேண்டிங் கேட்டது அடையாளம் காணுதல். இரண்டு படத்தை முன்னால் வைத்து எது பார்த்தது என்றார். எல்லைமேட்டிடம் காவல் நிலையத்தில் கேட்டது மீட்டுச் சொல்லுதல். முன்னால் ஒன்றுமே இல்லாமல் உள்ளிருந்து கட்டி எழுப்ப வேண்டும். கட்டும்போது செங்கல் போதாத இடத்தில் பழக்கம் வந்து நிரப்புகிறது. பழக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. பதினொரு ஆண்டுகள் நின்ற லாட்டரிக்காரர் இன்றும் நின்றார் என்று ஊகித்தால், ஏறக்குறைய எல்லா நாளும் அது சரியான விடை.

நீங்கள் சொன்ன பழமொழியையே எடுத்துக்கொள்வோம். தெருநாயை அடிக்கக் கல்லைத் தேடுவதாகத்தான் இன்று பலரும் அதைப் பொருள் கொள்கிறார்கள். கோயில் மண்டபத்தில் கல்லில் செதுக்கிய நாயை எண்ணிப் பாருங்கள். நாய் என்று பார்த்தால் கல் மறைகிறது, கல்லின் வேலைப்பாட்டைப் பார்த்தால் நாய் மறைகிறது. மண்டபத்திலிருந்து தெருவுக்கு வந்தவுடன் பழமொழியே வேறொன்றாகிவிட்டது. சூழல் பொருளை மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

கறுப்பு வெள்ளை

நான் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் பணியில் இருப்பவன். பந்து வீசுவதை எண்ணச் சொல்லிவிட்டு நடுவே கொரில்லா வேடமிட்டவரை நடக்கவிட்ட சைமன்ஸ், சாப்ரிஸ் சோதனையை (1999) எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைக் காணவில்லை. அது சாதாரண மக்கள்தானே என்று நினைத்திருந்தேன். 2013இல் டிரூ, வோ, வுல்ஃப் மூவரும் அதே விளையாட்டைக் கதிரியக்க மருத்துவர்களிடம் நடத்தினார்கள். நுரையீரல் சி.டி. படங்களில் கட்டி தேடச் சொல்லிவிட்டு, வழக்கமான சிறுகட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தை உள்ளே செருகினார்கள். 24 பேரில் 20 பேர் அதைச் சொல்லவில்லை. விழித்தடக் கருவியைப் பார்த்தால், தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் விழி நேராக அதன் மீதே பதிந்திருந்தது.

கண் பட்டால் கண்டதாகாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், "நாட்பட்ட இருமல்" என்று சீட்டில் எழுதி வந்த ஒரு முதியவரின் மார்புப் படத்தில் நுரையீரலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். தோள்பட்டை எலும்பிலிருந்த விரிசலை யாரும் பார்க்கவில்லை. பிறகு வந்த ஒரு பயிற்சி மாணவி, சீட்டைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்ததால், முதல் நொடியில் கேட்டாள்: "இவரு எங்காவது விழுந்தாரா?"

அதற்காகச் சீட்டே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பார்த்தால் நுட்பமான நோய் தப்பிவிடும்.

நீதிமன்றத் திண்ணை

வழக்கறிஞர் பார்வையில் இரண்டு செய்திகள். எல்லைமேடு, உங்கள் வாக்குமூலத்தை எந்த மொழியில் எழுதினார்கள்? "தட்டிவிட்டது" என்று இங்கே எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் அதே சொல்லா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், லாஃப்டஸும் பால்மரும் 1974இல் ஒரே விபத்துப் படத்தைக் காட்டி, வேகம் என்ன என்று கேட்கும்போது வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். நொறுங்க மோதியபோது என்ற பொருளில் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். தொட்டபோது என்ற பொருளில் கேட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். மற்றொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. மென்மையான சொல்லால் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள். நொறுங்க என்ற சொல்லைக் கேட்டவர்களில் 16 பேர்.

எல்லைமேடு

மலையாளத்தில்தான் எழுதினார்கள். நான் தமிழில் "தட்டிருச்சு" என்றேன். எழுதியவர் "இடிச்சு" என்று எழுதிப் படித்துக் காட்டினார். இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு அது தவறாகவே படவில்லை. நல்ல வேகமா என்று அடுத்துக் கேட்டார். ஆமாம், நல்ல வேகம் என்றேன். கேமராப் பதிவில் அந்த டெம்போ மாட்டு வண்டியை விடச் சற்றுக் கூடுதலான வேகத்தில்தான் போகிறது.

ஆலமரம்

எல்லையில் வாழும் நமக்கே உரிய சிக்கல் இது. 2000இல் மரியான், நைசர் இருவரும் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்த 20 மாணவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கேட்டபோது, ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழியில் வாழ்ந்த நிகழ்ச்சிகளும், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் வாழ்ந்தவையும் கூடுதலாக மேலெழுந்தன. தமிழில் பார்த்ததை மலையாளத்தில் கேட்டால் எல்லாமே திரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தமிழில் கேட்டிருந்தால் வேறு சில நூலிழைகள் கையில் சிக்கியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அப்படியே நீருக்கடியில் மனப்பாடம் செய்த முக்குளிப்பவர்கள் கதையையும் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன் ஐயா! 1975இல் காடன், பேட்லி சோதனையில், நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும் கரையில் கற்றவை கரையிலும் நன்றாக நினைவுக்கு வந்தன என்பார்கள். 2021இல் மூரே என்பவர் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. பாடநூலில் ஏறிவிட்டது என்பதற்காக எல்லாம் வேதமாகிவிடாது.

ஆலமரம்

ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சோதனையை வகுப்பில் ஐயமே இல்லாமல் கற்பித்தவர்களில் நானும் ஒருவன். 18 முக்குளிப்பவர்களை வைத்துச் செய்தது. அதன் மேல் நாங்கள் ஏற்றிய பாரம் அதிகம். இடம் நினைவைத் தூண்டும் என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு, ஆனால் அதன் அளவு பெரிதாகச் சொல்லப்பட்டுவிட்டது.

எல்லைமேடு

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. அந்த மூடியை அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருந்ததுதான் என்னைக் கெடுத்தது என்று தோன்றுகிறது. சுற்றியிருந்த துணிவரை தெரிகிறதே, வண்டி எண் மட்டும் தவறாகவா இருக்கும் என்ற துணிவில்தான் மற்றவற்றையும் அடித்துச் சொன்னேன். ஒன்று பளிச்சென்று இருந்ததால் பக்கத்திலிருந்தவற்றுக்கும் அதே வெளிச்சம் இருந்ததாக நம்பிவிட்டேன். உண்மையில் எண் பலகையை நான் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்பது பார்த்ததைப் போலவே உள்ளே பதிந்திருந்தது.

நீதிமன்றத் திண்ணை

சாட்சிக்கூண்டில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு இந்தப் பதிவு விளக்கம் தருகிறது. நான் சொல்ல வந்த இரண்டாவது செய்தியும் இதைச் சார்ந்ததே. நிகழ்ச்சி நடந்த உடனே, யாரிடமும் பேசுவதற்கு முன், உங்கள் சொல்லிலேயே ஒரு தாளில் எழுதி வைத்தால், பிறகு நீதிமன்றத்தில் அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 159ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 162ஆம் பிரிவு. இப்போதைக்கு, நிலையத்திற்குப் போய்த் திருத்தம் சொல்லிவிடுங்கள். பிடிவாதம் பிடித்த சாட்சியைவிடத் திருத்திக்கொண்ட சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

எல்லைமேடு

நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். போவதற்கு முன் தமிழில் ஒரு தாளில், நான் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்யக்கூடியவற்றை மட்டும் எழுதப் பார்த்தேன். வெள்ளை வண்டியின் பின்புறம், தகரம் தரையில் மோதிய ஓசை, பால், மூடி. நான்கு வரிக்கு மேல் வரவில்லை. பால்காரரையும் வழியில் பார்த்தேன். மூடிக்குள் துணி சுற்றியிருந்ததா என்று கேட்டதற்கு, "ஆமாங்க, வாஷர் போயிருச்சு, பழைய வேட்டியைக் கிழிச்சுச் சுத்தியிருந்தேன்" என்றார். அந்த மட்டில் ஆறுதல்.

திரும்பும்போது லாட்டரிக்காரர் முக்கில் நின்றிருந்தார், இந்த முறை நிச்சயமாக. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடைபட்ட பிறகு சாவடி தாண்டி வந்து வாங்குபவர்களால்தான் அவருக்குப் பிழைப்பு என்பதால், இந்த முக்கை அவர் விடுவதே இல்லை. அன்று எங்கே போயிருந்தீர்கள் சேட்டா என்று கேட்டேன். டிக்கெட் கட்டு எடுக்கப் பாலக்காடு போயிருந்தாராம். ஆனால் என்னைச் சேர்த்து நான்கு பேர் அவரை அங்கே பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்களாம். "மூணு பேரு சொன்னப்ப சிரிச்சேன், நாலாவது ஆளும் சொன்னதும் வீட்டுக்குப் போயி, அன்னைக்கு எடுத்த பஸ் டிக்கெட்டு இருக்கான்னு சட்டைப் பையில தேடிப் பாத்தேன்" என்றார்.